பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினி

2022 செப்டம்பரில் ஈரானில் மாசா அமினி என்கிற 22 வயதுப் பெண், காவலில் எடுக்கப்பட்ட மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். ஊர் ஊராகப் போராட்டம் வெடித்தது. அரசு இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த நாட்களில்தான் என் பிரவுசரில் ஸ்னோஃப்ளேக் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். இணையத்தில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கிற டோர் வலையமைப்பு தடைசெய்யப்பட்ட நாட்டில் இருப்பவர்கள், இந்த எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கும் யாரோ ஒருவரின் பிரவுசர் வழியாக அதற்குள் நுழைந்துகொள்ளலாம். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியாக இருந்தோம் என்று அதில் ஓர் எண் தெரியும். முதல் நாள் இரவு 3 என்று காட்டியது. படுக்கப் போகும் நேரம். கணினியை அணைக்க மனம் வரவில்லை. அணைத்தால் அந்த மூன்றில் ஒருவருக்கு இணைப்பு அறுந்துபோகலாம்.

டோருக்காக அணைக்காமல் ஓடுகிற கணினி ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதைச் செய்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. வேலை கடினம் என்பதால் அல்ல, ஒவ்வொரு படியிலும் தெரிந்துகொள்ள ஏதோ ஒன்று இருந்தது. அதையெல்லாம் ஒரே இடத்தில் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

டோரைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக நாம் ஒரு தளத்தைத் திறந்தால், யார் எங்கே போகிறார் என்பது இடையில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கு ஒரே பார்வையில் தெரியும். டோர் அந்த ஒரே பார்வையைத் துண்டுபோடுகிறது. நம் தகவல் மூன்று ரிலேக்கள், அதாவது வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றிவிடும் கணினிகள், வழியாகப் போகிறது. மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று உறை போட்டுத்தான் அது புறப்படும். ஒவ்வொரு ரிலேயும் தன் உறையை மட்டும் பிரித்து அடுத்ததிடம் கொடுக்கும். முதல் ரிலேவுக்கு அனுப்பியவரைத் தெரியும், போகிற இடம் தெரியாது. கடைசி ரிலேவுக்குப் போகிற இடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. வெங்காயத்தைத் தோல் தோலாக உரிப்பதுபோல என்பதால் ‘ஆனியன் ரவுட்டிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்த யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. பால் சிவர்சன், டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட் என்ற மூவர் தொடங்கியது. பிறகு ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மாத்யூசனும் சிவர்சனுடன் சேர்ந்து டோரை உருவாக்கினார்கள். 2002இல் வலையமைப்பு ஓடத் தொடங்கியது, 2006இல் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. கடற்படைக்காக யோசித்ததை ஊருக்கே ஏன் திறந்துவிட்டார்கள் என்று கேட்கலாம். கடற்படை ஆட்கள் மட்டும் இதைப் பயன்படுத்தினால், இதில் வருகிற எல்லாரும் கடற்படை ஆட்கள் என்று தெரிந்துவிடுமே! தேர்த்திருவிழாக் கூட்டத்தில்தான் ஆள் ஆளோடு கலக்க முடியும். அந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுப்பது உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் ஓட்டும் ரிலேக்கள், சில ஆயிரம். பெரும்பகுதி ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இருக்கிறது. அதிலும் கணிசமானவை ஒருசில பெரிய சர்வர் நிறுவனங்களின் கட்டடங்களுக்குள். எல்லாச் சுமையும் ஒரே தூணில் ஏறக்கூடாது என்பதால்தான் வேறு நாடுகளில், வேறு இணைப்புகளில் ரிலே வேண்டும் என்று டோர் திட்டத்தினரே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விபிஎன் இருக்கிறதே, அது போதாதா என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். விபிஎன் என்பது நம் போக்குவரத்து முழுவதையும் ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. நம்மைப் பற்றிய முழு விவரமும் அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை விபிஎன் நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. ஒருவரிடமே எல்லாம் இருந்தால் அவரிடம் கேட்டு வாங்கிவிடலாம். டோரில் கேட்டு வாங்க யாரிடமும் முழுசாக எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயம்தான் என்னை இதில் இழுத்தது. தன் வழியாகப் போகிறவரைத் தெரிந்துகொள்ளவே முடியாதபடி ஒரு இயந்திரத்தைத் தயார்செய்வது.

சரி, ரிலே ஓட்ட நான் எடுத்த மடிக்கணினிக்கு வருகிறேன். 2012இல் வாங்கிய திங்க்பேட். ஐந்து வருடமாகப் பரணில், பழைய போர்வைக்குள் கிடந்தது. ரிலேவுக்கு அதிகம் தேவையில்லை. வேகம் நொடிக்கு 40 மெகாபிட்டுக்குள் இருந்தால் 512 எம்பி ராம் போதும் என்கிறது டோரின் வழிகாட்டி, இதில் 4 ஜிபி இருந்தது. டெஸ்க்டாப்பைவிட மடிக்கணினி நல்லது என்று நான் நினைக்க இரண்டு காரணம் உண்டு. கரண்ட் போனால் அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. அப்புறம், திரையை அணைத்துவிட்டால் இது 15 வாட்தான் இழுத்தது. அந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். மின்சாரக் கட்டணத்தில் பெரிதாகத் தெரியாது.

ஸ்விட்சைப் போட்டதும் காற்றாடி ஆட்டோ மாதிரி இரைந்தது. பத்தே நிமிடத்தில் 84 டிகிரி. அணைத்து, வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து, அடிப்பக்க ஸ்குரூக்களைக் கழற்றினேன். வெப்பம் வெளியேறும் செம்புத் தகடுகளுக்கு முன்னால் தூசி சின்னப் பஞ்சுமெத்தைத் துண்டுபோலப் படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது அப்படியே ஒரே துண்டாக வந்தது. யுஎஸ்பி துளைக்குள் பத்துப் பதினைந்து செத்த சிற்றெறும்புகள். பிராசசர்மேல் பூசியிருந்த பேஸ்ட், காய்ந்த திருநீறுபோல உதிர்ந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது 51 டிகிரி. இரவும் பகலும் ஓடப்போகிற இயந்திரம் இது, மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று யாருக்கும் சொல்வேன்.

பேட்டரி விஷயத்திலும் கவனம் வேண்டும். எந்நேரமும் சார்ஜரில் 100 சதவீதத்திலேயே கிடந்தால் பேட்டரி உப்பிவிடக்கூடும். திங்க்பேட்டில் இத்தனை சதவீதத்தோடு நிறுத்து என்று வரம்பு வைக்க முடியும். 75இல் வைத்தேன். கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும் அல்லவா, அதற்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். கடிகாரத்துக்கான பட்டன் செல்லும் செத்துப்போயிருந்தது, ஒவ்வொரு முறை எழும்போதும் 2012 ஜனவரி என்றது. கடிகாரம் தவறினால் டோர் ஓடாது. எந்தெந்த ரிலே உயிரோடு இருக்கிறது என்ற பொதுப் பட்டியலை ஒன்பது சர்வர்கள் கூடி மணிக்கு ஒருமுறை வெளியிடுகின்றன, ஒரு பட்டியல் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். 2012இல் இருக்கும் இயந்திரத்துக்கு எந்தப் பட்டியலும் பொருந்தாது. புது செல் ஒன்று மாட்டியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது அழிப்பது. அந்த ஹார்ட் டிஸ்கில் பதினான்காயிரம் புகைப்படங்கள் இருந்தன. அப்பா கடைசியாகக் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கிற படம், ஆதார் நகல், வருமான வரித் தாள்கள், வைஃபை பாஸ்வேர்டுகள், பழைய கடிதங்கள். எல்லாவற்றையும் வெளி டிஸ்க் இரண்டில் நகல் எடுத்துச் சரிபார்த்தேன், ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. பிறகு அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு, புதிதாக 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். பழையதையே அழித்துப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்நியர்களின் போக்குவரத்து நடக்கப்போகிற கணினியில் என் குடும்பத்தின் சுவடுகூட இருக்கக் கூடாது என்று தோன்றியது. நாளைக்கு யாராவது உள்ளே புகுந்தால், அல்லது காவல்துறையே வந்து எடுத்துப்போனால், அதில் இருக்க வேண்டியது டோர் மட்டும்தான்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை பென்டிரைவிலிருந்து நிறுவினேன். நிறுவும்போது ‘என்னென்ன வேண்டும்’ என்று கேட்கும் பக்கத்தில் டெஸ்க்டாப், பிரின்டர் எல்லாவற்றிலிருந்தும் டிக்கை எடுத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் விட்டேன். உள்ளே நுழைய பாஸ்வேர்டு கிடையாது, சாவிக் கோப்பு இருந்தால்தான் முடியும். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக இறங்கும்படி வைத்தேன். டோரை டெபியனின் களஞ்சியத்திலிருந்து எடுக்காமல் டோர் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தேன், அங்கேதான் புதுப் பதிப்பு உடனுக்குடன் வரும். மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. டிஸ்கை என்கிரிப்ட் செய்யவில்லை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டவில்லை. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. என் ஊரில் கரண்ட் போய் வருவது சாதாரணம். நான் வெளியூரில் இருக்கும்போது அது தானாக எழுந்து நிற்க வேண்டும், பாஸ்வேர்டு தட்ட ஆள் இருக்காது. ஒளிக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை என்பதால் மனம் உறுத்தவில்லை.

பெரிய தடை வீட்டுக்கு வெளியே இருந்தது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, அதற்குக் கிடைத்த இணைய முகவரி (ஐபி) என்ன என்று பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குவைக்கும்போது உள்ளுக்குள் கொடுப்பவை. ஒரு தெருவுக்கே ஒரு வாசல் எண் மாதிரி. அந்த வாசலுக்கு வெளியிலிருந்து வருகிற கடிதம் என் வீட்டுக்கு வந்து சேராது. ரிலே என்றால் வெளியிலிருந்து கதவு தட்டுகிறவர்களுக்குத் திறக்க வேண்டும். ஆகவே தனிப் பொது முகவரி கட்டாயம் வேண்டும்.

இணைப்பு கொடுத்தவர்களிடம் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத தனிப் பொது முகவரி, கேட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு தம்பி வந்தார். “அண்ணாச்சி, வீட்டுக்குக் கேமரா மாட்டப் போறீங்களா?” என்றார். ஸ்டேட்டிக் ஐபி கேட்கிறவர்கள் எல்லாம் கேமராவுக்குத்தான் கேட்பார்களாம். “இல்ல தம்பி, சின்ன சர்வர் ஒண்ணு ஓட்டணும்” என்று சொல்லி, டோர் என்றால் என்ன என்று காபி குடித்துக்கொண்டே விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். “அப்ப கெட்டவன் எவனாவது இத வச்சு ஏதாவது பண்ணினா?”

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. பண்ணலாம். பண்ணுகிறார்கள். தெருவில் விளக்கு போட்டால் திருடனுக்கும் வெளிச்சம்தான். 2015இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், லெபனான் என்ற சிறு நகரின் கில்டன் நூலகம் தன் கணினி ஒன்றில் ரிலே ஓட்டத் தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து தகவல் போய், உள்ளூர் காவல்துறை நூலகத்துடன் பேச, ரிலேயை நிறுத்திவைத்தார்கள். செப்டம்பர் 15 அன்று அறங்காவலர் கூட்டத்துக்கு ஊர்க்காரர்கள் திரண்டு வந்து ஆதரவு தெரிவித்தார்கள். ரிலே மறுபடி ஓடியது. யார் என்ன புத்தகம் படிக்கிறார் என்று நூலகம் வெளியே சொல்வதில்லை, இதுவும் அதைப் போன்றதுதான் என்பது அவர்களின் நிலை. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. கணவனின் அடிக்குத் தப்பி உதவி தேடுகிற பெண், தன் நோயைப் பற்றித் தேடுகிறவர், ஊழலைப் பற்றி நிருபருக்கு எழுதுகிற குமாஸ்தா, இவர்களுக்கு வேறு வழி குறைவு. கெட்டவனுக்குத் திருட்டு சிம், களவாடிய கணினி என்று ஆயிரம் வழி உண்டு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. மூன்றாவது ரிலே, எக்ஸிட் என்பார்கள், அதை வீட்டு இணைப்பில் ஓட்டவே ஓட்டாதீர்கள். வெளி உலகத்துக்கு எக்ஸிட்டின் முகவரிதான் தெரியும். மாஸ்கோவில் டிமித்ரி பொகாத்தோவ் என்ற கணித ஆசிரியர் வீட்டிலிருந்து எக்ஸிட் ஓட்டினார். அவருடைய முகவரியிலிருந்து வன்முறையைத் தூண்டும் பதிவுகள் போனதாக 2017 ஏப்ரலில் கைது செய்தார்கள். சிறை, பிறகு வீட்டுக்காவல். 2018 மே மாதம்தான் வழக்கைக் கைவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்தது நடு ரிலே. அதன் வழியாகப் போவது என்கிரிப்ட் செய்த பொட்டலம்தான், அது இன்னொரு ரிலேவுக்கு மட்டுமே போகும். ‘எக்ஸிட் வேண்டாம்’ என்று அமைப்புக் கோப்பில் தனி வரியாக எழுதினேன், மறந்தும் மாறிவிடக் கூடாது என்று. வீட்டுத் திட்டத்தில் சர்வர் ஓட்டலாமா என்று இணைப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, சரி என்று வந்த பதிலையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தடுமாறுகிறார்கள். ரிலேவுக்குக் குறைந்தது 10 மெகாபிட் வேகம் இரண்டு பக்கமும் வேண்டும் என்கிறார்கள். இடைவிடாமல் அந்த வேகத்தில் ஓடினால் நாளுக்கு 108 ஜிபி, மாதத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே 3,240 ஜிபி. ‘அன்லிமிடெட்’ என்று விற்கிற பல ஃபைபர் திட்டங்களின் உள்வரம்பே 3,300 ஜிபிதான். அதனால் மாத வரம்பாக 1,200 ஜிபி என்று எழுதினேன். டோர் இந்த வரம்பை வருவது, போவது இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கும், ஆக மொத்தம் 2,400 வரை போகலாம். மிச்சம் வீட்டுக்கு.

கடைசியாக ரிலேவுக்குப் பெயர். 19 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில். எங்கள் ஆச்சி ஊருக்குப் போகிற பாதையில், ஒரு புளியமரத்துக்குக் கீழே சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். விறகுக் கட்டோ நெல் மூட்டையோ தலையில் சுமந்து வருகிறவர்கள், யாரும் கைகொடுக்காமலே அதில் சுமையை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறலாம். புறப்படும்போது குனியாமலே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பார்கள் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். அந்தக் கல் யாரையும் எந்த ஊர், மூட்டையில் என்ன என்று கேட்டதில்லை. ‘சுமைதாங்கி’ என்றே பெயர் வைத்தேன்.

இரவு பத்தரைக்கு டோரைத் தொடங்கினேன். இருபது நிமிடத்தில், வெளியிலிருந்து உன் போர்ட்டை (இணைப்புகள் வந்து சேரும் கதவை) எட்ட முடிகிறது, ‘எக்ஸலன்ட்’ என்று பதிவேட்டில் ஒரு வரி வந்தது. டோர் உண்மையாகவே அந்த வார்த்தையை எழுதுகிறது. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. புது ரிலேயை வலையமைப்பு எடுத்த எடுப்பில் நம்பாது. முதல் மூன்று நாள் சொற்பப் போக்குவரத்து, அப்புறம் வேகத்தை அளப்பார்கள், முதல் கண்ணியாக முழு அளவில் பயன்படுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று டிங்கிள்டைனே விளக்கி எழுதியிருக்கிறார். பொறுமையாக இருந்தேன். பத்தாவது நாள் போக்குவரத்து வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. நாளுக்கு 30 ஜிபி.

பன்னிரண்டாவது நாள் அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். “ஏய்யா, பேங்கு தொறக்கவே மாட்டேங்குதே. பென்ஷன் வந்திட்டான்னு பாக்கணும்.” அந்த வங்கியின் தளம் எங்கள் வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லை, மொபைல் டேட்டாவில் திறந்தது. ரிலேக்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. எக்ஸிட்டை மட்டும் தடுத்தால் போதும். ஆனால் சில தளங்கள் அந்தப் பட்டியலில் உள்ள எல்லா முகவரிகளையும் அள்ளித் தடுத்துவிடுகின்றன. நடு ரிலேயிலிருந்து யாரும் அந்த வங்கிக்குப் போகவே முடியாது, இருந்தும் தடை. எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமும் வந்தது. ஆனால் அம்மாவுக்கு மாதாமாதம் பென்ஷன் பார்க்க வேண்டுமே. அன்று மாலை சுமைதாங்கியை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் வீட்டுக்குப் பொருத்தமானது எது என்று தெளிவாகப் புரிந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது பிரிட்ஜ். அதுவும் ரிலேதான், ஆனால் பொதுப் பட்டியலில் இருக்காது. டோர் தடைசெய்யப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு அதன் முகவரியை மின்னஞ்சலிலோ டெலிகிராமிலோ இரண்டு மூன்றாகக் கொடுப்பார்கள். அதோடு ஓபிஎஃப்எஸ்4 என்ற உறையும் சேர்ந்தால், நடுவிலிருந்து பார்ப்பவருக்கு அது டோர் என்றே தெரியாது, அர்த்தமில்லாத எண்களின் ஓட்டமாகத்தான் தெரியும். வேகமும் 1 மெகாபிட் போதும். ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுக்கத் தொடங்கியபோது பலர் உள்ளே வந்தது இப்படிப்பட்ட பிரிட்ஜுகளாலும் ஸ்னோஃப்ளேக்காலும்தான். நம் ஊர் மாதிரி இடங்களில் பழைய கணினி வைத்திருக்கிறவர்கள் நடு ரிலேயை விட்டுவிட்டு நேராக பிரிட்ஜுக்குப் போகலாம் என்பது என் உறுதியான கருத்து.

பழைய முகவரி ஏற்கெனவே பட்டியலில் வெளியாகிவிட்டதால் அதில் பிரிட்ஜ் வைப்பதில் பொருளில்லை. அந்தத் தம்பியைக் கூப்பிட்டு வேறு முகவரி மாற்றித்தரச் சொன்னேன். பழைய அடையாளச் சாவிகள் இருந்த கோப்புறையை முழுக்க அழித்தேன், புது பிரிட்ஜ் புதிதாகப் பிறந்ததாக இருக்க வேண்டும். தடுப்பவர்கள் தேடிப் பார்க்கிற வழக்கமான 9001 போர்ட்டை விட்டு, யாரும் யோசிக்காத எண் ஒன்றை வைத்தேன். ரவுட்டரில் அதற்கு வழி திறந்தேன். அம்மாவின் வங்கி திறந்தது.

அப்புறம் காத்திருப்பு. டோர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் தன் இதயத்துடிப்பை எழுதும். பிரிட்ஜ் என்றால் இத்தனை பயனர்களைப் பார்த்தேன் என்று ஓர் எண்ணும் வரும். எத்தனையோ நாள் பூஜ்யம். பிரிட்ஜின் முகவரி எந்த வழியாக, யாருக்குப் போக வேண்டும் என்று டோர் திட்டத்தினர் ஒதுக்கும்வரை யாரும் வர மாட்டார்கள். காலையில் பல் துலக்கிவிட்டு அதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

இருபத்து மூன்றாவது நாள் காலை அந்த எண் 2.

பயனர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதைத் திறந்தேன். ஈரானின் இரண்டெழுத்துக் குறி, அதற்குப் பக்கத்தில் 8. டோர் இந்த எண்ணை எப்போதும் எட்டின் மடங்காக உயர்த்தித்தான் எழுதும். ஒருவர் வந்தாலும் 8, எட்டுப் பேர் வந்தாலும் 8. என் சொந்தக் கணினியில், என் மேசைமேல் இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற சரியான எண்ணிக்கைகூட எனக்குத் தெரியக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். யார், எந்த ஊர், என்ன வாசித்தார், எதுவும் இல்லை. ஒரு குறி, ஒரு எண்.

அம்மா காபித் தம்ளரை மேசையில் வைத்தார். “என்னத்தய்யா அப்படிப் பாக்க?”

“யாரோ வந்திருக்காங்கம்மா” என்றேன்.